உள்ளே வர மறுத்த சுவர்

இரண்டு இரவுக்குத்தான் காசு கட்டியிருந்தோம்.
பதினேழாம் எண் இடம், ஏரிப் பக்கம்,
தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழி எல்லாம் சேர்த்து
இரவுக்கு முப்பத்தெட்டு டாலர்.
மூன்றாம் நாள் காலை
நாற்காலிகளை மடித்து, குழாயைக் கழற்றி,
ஓரின் பொத்தானை அழுத்தினார்.
வெளியே நீண்டிருந்த கூடத்துச் சுவர்
ஒரு விரற்கடை நகர்ந்தது.
அப்புறம் மாட்டேன் என்று நின்றுவிட்டது.

ஓடுகிற வீடு எங்களுடையது.
ஓட வேண்டுமென்றால் மூச்சை இழுத்து
விலாவை ஒடுக்கிக்கொள்ள வேண்டும்.
இப்போது ஸ்கூனர் பே என்கிற ஊரில்
சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி
விருந்து முடிந்தும் எழுந்திருக்காத மாப்பிள்ளையாக
வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

மோட்டார் இந்தியானாவிலிருந்து வர வேண்டுமாம்.
"ஐந்து நாள்" என்றார் பழுது பார்க்கும் டாய்வோ.
அவருடைய ஐந்து
பதினெட்டு ஆயிற்று.

ஓரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.
கதவில் ஒட்டிய வரைபடத்தில்
போகாத மாநிலங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.
நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனேன்.

ஒரே தெரு.
நூலகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் ஒரே கதவு,
புத்தகம் கேட்பவர் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
ரொட்டிக்கடை ஹில்மா
பேஸ்டியை நான் முள்கரண்டியால் குத்தியதைப் பார்த்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
மறுநாள் கையில் எடுத்துக் கடித்தேன்,
கிழங்கின் ஆவி மேலண்ணத்தைச் சுட்டது.
சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
என் பெயரைக் கேட்டாள்.
லவோன், என்றேன்.
நெடுநாளாக யாரும் கேட்டிருக்கவில்லை.

அழகான ஊர் என்பார்கள்
இரண்டு இரவு தங்குகிறவர்கள்.
அவர்கள் சொல்வதும் பொய்யில்லை:
சிவப்புக் கலங்கரை விளக்கம்,
சன்னல் சட்டங்களில் வெள்ளைப் பூச்சு,
தோணித்துறையில் கூழாங்கல் பொறுக்கும் பிள்ளைகள்.
தபாலட்டையின் பின்பக்கம்
ஆறாம் நாள்தான் தெரிந்தது.
பலகை அடித்த பள்ளிக்கூடம்.
விற்பனைக்கு என்ற அட்டை
மழையில் வெளுத்து, எதை விற்கிறது என்றே தெரியாத முற்றம்.
மீன் கடையில் இரண்டு பேர்
ஒரு படகின் கடனைப் பற்றித்
தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்,
நான் நுழைந்ததும் வானிலைக்கு மாறினார்கள்.

இரும்புத் தாது ஏற்றிய கப்பல்கள்
மெல்லப் போகும், ஒரு தெருவே மிதந்து போவதாக.
சில மாலுமிகள் சங்கு ஊதுவார்கள்:
நீளமாய் மூன்று, குட்டையாய் இரண்டு.
பதினைந்தாம் எண்ணில் இருக்கும் வெர்லின்
ஓடிப்போய்த் தன் லாரியின் ஹாரனை அதே கணக்கில் அடிப்பார்.
கப்பலுக்குக் கேட்குமா, என்றேன்.
"கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாமா?"
அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட்,
பகலிலும்.

சனிக்கிழமை மாதாகோவில் நிலவறை விற்பனையில்
ஐம்பது சென்ட்டுக்கு ஒரு கோப்பை வாங்கினேன்.
ஐரீன், 1974 என்று நீல மையில் சுட்டிருந்தது.
யார் ஐரீன் என்று கேட்டதற்கு
விற்ற பெண் யோசித்தாள்,
"எந்த ஐரீன்?"
அன்றுமுதல் எனக்குக் காப்பி அதில்தான்.
ஏரியிலிருந்து குளிர் ஏறும்போது
கையிரண்டையும் அது நிரப்பும்.

அக்டோபர் பதினைந்தில் குழாய்களை அடைத்துவிடுவார்கள்.
பதிமூன்றாம் தேதி மோட்டார் வந்தது,
செருப்புப் பெட்டி அளவில்.
டாய்வோ கட்டிலுக்கடியில் படுத்து
ஏதோ பின்னிஷ் வசவைத் திருகாணியோடு சேர்த்து முடுக்கினார்.
"அழுத்துங்கள்."

சுவர் சாதுவாக உள்ளே வந்தது.
சோபா அடுப்பை நெருங்கியது.
எங்கள் தரை பாதியாயிற்று.
கடைசி அங்குலத்தில், கீழே,
பாதாம் ஓடு நொறுங்குகிற சத்தம்.
"என்ன அது?" என்றார் ஓரின்.
ஒன்றுமில்லை, என்றேன்.

வாசல் தாண்டும்போது பின்னால் ஹாரன்.
நீளமாய் மூன்று, குட்டையாய் இரண்டு.
வழியை மறிக்கிறோமோ என்று
ஓரின் ஓரம் ஒதுக்கினார்.
நம்மை இல்லை, நீங்கள் போங்கள், என்றேன்.

நெடுஞ்சாலை ஏரியோடு வளைந்து வளைந்து போகிறது.
ஒவ்வொரு வளைவிலும்
சுவருக்கடியில் ஐரீன்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு
பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.